காடி வளையல்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டால் ஊரே நின்றுவிடும். தஞ்சாவூர் பஸ், மன்னார்குடி பஸ், லாரி, கல்யாண வேன் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். நெல் மூட்டை ஏற்ற வந்த கூட்ஸ் வண்டி முன்னே போய்ப் பின்னே வந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பஸ்ஸுக்குள் புழுங்கிச் சாகிற பெண்கள் மெல்ல இறங்கி, பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறதோ அதற்குள் நுழைவார்கள். பக்கத்தில் இருந்தது எங்கள் ஃபேன்சி ஸ்டோர்தான். அப்படிப்பட்ட இடத்தில் கடையைப் போட்டுவிட்டு ஒருவர் நஷ்டப்பட வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். என் மச்சானுக்கு அது இருந்தது.

ஒரு பெண் கல் வைத்த வளையலை எடுத்துப் போட்டுப் பார்ப்பாள். முகம் மலரும். கை மணிபர்ஸைத் தேடும். சரியாக அந்த நேரம் பார்த்து மச்சான் கல்லாவிலிருந்து எழுந்து வருவார். அதே செட்டில் இன்னொரு வளையலைச் செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி, டியூப் லைட்டில் காட்டிவிட்டுக் கீழே வைப்பார்.

“இது வேணாம்மா. காடி.”

“என்னங்க?”

“காடிம்மா. இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாங்க. உங்களுக்கு எதுக்கு இது? அந்தப் பக்கம் கறுப்பு வளையல் இருக்கு பாருங்க. டீசன்ட்டா இருக்கும்.”

கறுப்பு வளையல் வாங்கவா அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள்? போட்டதைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் கண்ணாடி ஷோகேஸுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மெட்ராஸில் பாரிமுனைச் சந்து சந்தாக அலைந்து, மூட்டை கட்டி, ரயிலில் கால் நீட்ட இடமில்லாமல் கொண்டுவந்து இறக்கியவன் நான். அவர் ஒரே வார்த்தையில் அதைக் குப்பையாக்கிவிடுவார்.

மச்சான் என் அக்காவின் கணவர். சிங்கப்பூரில், வெள்ளைக்காரப் பெண்கள் வந்துபோகிற ஒரு பெரிய கடையில் பல வருடம் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்ட இங்கிலீஷ் விசித்திரமானது. ‘நாளைக்கு வாங்க’ என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் திணறுவார். ஆனால் மட்டமாகவும் பகட்டாகவும் இருக்கிற ஒரு பொருளை எப்படித் திட்டுவது என்று கேட்டால், நெல் வியாபாரி ரகம் பிரிப்பதைப் போலப் பிரித்துச் சொல்லுவார்.

“தூரத்துல இருந்து கண்ண இழுக்கும், கிட்ட வந்தா ஒண்ணும் இருக்காது. அது ஃப்ளாஷி. ஒரு நெறத்தோட இன்னொரு நெறம் சண்டை போட்டா கேரிஷ். இருக்கற அலங்காரம் பத்தாதுன்னு மேல மேல ஒட்டியிருந்தா காடி. புதுசா இருக்கறப்பவே பழசு மாதிரி தெரிஞ்சா அது டாட்ரி. டாட்ரிக்குக் கீழ ஒண்ணும் கெடையாது மாப்ள.”

ஒரு நாள் பெருமையோடு சொன்னார். “நம்ம பாஷையில மினுக்குன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம். வெள்ளைக்காரன் எத்தனை வச்சிருக்கான் பாத்தியா?”

“மட்டமான சாமானத் திட்ட இத்தனை வார்த்தை வேணும்னா, அந்த ஊர்ல மட்டமான சாமான் அவ்வளவு இருந்திருக்கும்போல மச்சான்” என்றேன்.

அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

டாட்ரி என்ற சொல் எப்படி வந்தது என்று சிங்கப்பூர்க் கடையில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சீமையில் ஒரு புண்ணியவதி பேரில் வருடா வருடம் சந்தை கூடுமாம். “நம்ம தர்கா கந்தூரிக் கடை மாதிரின்னு வச்சுக்கயேன்.” அங்கே கழுத்தில் கட்டிக்கொள்ளும் பட்டு நாடா விற்பார்களாம். அந்த அம்மாளின் பேர் அந்த நாடாவுக்கு ஒட்டிக்கொண்டு, தேய்ந்து தேய்ந்து கடைசியில் டாட்ரி என்று ஆகிவிட்டதாம்.

“அப்ப அது நல்ல பேருதானே?”

“நல்ல பேருதான். எல்லாரும் வாங்க ஆரம்பிச்ச பொறவு கெட்டுப்போச்சு.”

அவர் வாயிலிருந்து வந்ததிலேயே உருப்படியான பேச்சு அதுதான். ஆனால் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான், கறுப்பு வார் போட்ட வாட்ச். அத்தர் கிடையாது, மோதிரம் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பிரியாணியைப் பார்த்து, “சோத்துக்கு எதுக்கு இத்தனை கலரு? கேரிஷ்” என்பார். எங்கள் தெருவில் துபாயிலிருந்து வந்த ஒருவர் வீடு கட்டி, முன் சுவர் முழுக்க ரோஸ் நிறத்தில் டைல்ஸ் ஒட்டியிருந்தார். வாசலில் நின்று ஆசையோடு, “எப்படிங்க இருக்கு?” என்று கேட்டார். மச்சான் நிதானமாக மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

“குளிக்கற ரூம உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு.”

அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பாலைவனத்தில் வெந்துவிட்டு வந்து கட்டிய வீடு அது. ‘மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது’ என்று ஊரில் எல்லாரும் மெச்சுவார்கள். அவருக்கு நல்ல வார்த்தை சொல்லவும் வராது என்பது, அவரோடு குடித்தனம் நடத்திய என் அக்காவுக்குத்தான் தெரியும்.

கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவர்களை எங்கள் பக்கம் சபுராளி என்போம். சபுராளி ஊர் திரும்பினால் தெருவே கூடிப் பெட்டி திறப்பதைப் பார்க்கும். எதிர் வீட்டுப் பெட்டியிலிருந்து மயில் கழுத்து நிறத்தில் நைலக்ஸ் சேலை வரும், பொத்தானை அமுக்கினால் பாடுகிற டப்பா வரும், ஜரிகைச் செருப்பு வரும். என் அக்கா வீட்டுப் பெட்டியிலிருந்து பழுப்பு நிறக் குடை வரும். ஒரு தடவை சாம்பல் நிற ஃபிளாஸ்க். ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி. எல்லாம் அசல் சாமான். இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் கெடவில்லை. அதுதான் கொடுமை.

அக்கா அப்போது சின்னப் பெண். மின்னுகிற எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். ஒரு பெருநாளைக்கு அவளாக ஆசைப்பட்டு, கிளிப்பச்சையில் பொன் நிறப் பூப் போட்ட சேலை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நல்லா இருக்கா?”

“ஃப்ளாஷி” என்றார் மச்சான்.

அவள் அதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டாள். பெருநாள் முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம், “அவங்க ஃப்ளாஷியா இருக்குன்னு சொன்னாங்க” என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சாயங்காலம், வீடு நிறைய ஆள் இருக்கும்போது, மச்சான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னார். பொறுமையாக, விளக்கமாகச் சொன்னார். அக்கா எழுந்து உள்ளே போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பெருநாளிலிருந்து எனக்கு அவர்மேல் கோபம்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது சேலையும் இல்லை, வளையலும் இல்லை. அந்த மனிதர் ஒரு தரம் அவளைப் பார்த்து, நல்லா இருக்கே என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவளும் விடாமல் ஒவ்வொரு பெருநாளைக்கும் முன்னால் வந்து நின்றாள். அவரும் விடாமல் ஒவ்வொரு வார்த்தையாகக் கொடுத்தார். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பழுப்பும் சாம்பலுமாகவே கட்டப் பழகிக்கொண்டாள். நிறம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத ஒரு பெண்ணாக என் அக்கா ஆனதை நான் கண்ணால் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் காலம் மாறியது. சிங்கப்பூர்ச் சாமான் என்றால் வாயைப் பிளந்த காலம் போய், அதே சாமான் கும்பகோணம் பிளாட்பாரத்தில் கொட்டிக் கிடந்தது. மச்சான் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். நானும் சவூதியில் தம்மாமிலிருந்து திரும்பியிருந்தேன், திரும்பப் போகிற எண்ணம் இல்லை. “ரெண்டு பேரும் சேந்து ஒரு கடை போடுங்களேன்” என்று சொன்னது அக்காதான். என்ன கடை என்று கேட்டதற்கு, “ஃபேன்சி கடை” என்றாள். அவள் எதை நினைத்து அதைச் சொன்னாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மச்சானுக்குத் தெரியவில்லை.

ஃபேன்சி கடையில் மச்சானை உட்கார வைத்தது, கறிக்கடையில் சைவக்காரரை உட்கார வைத்த கதைதான். கடையில் அவர் குறை சொல்லாத ஒரே சாமான் சீப்பு. ஜிகினா மாலை கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினார். அருவி கொட்டுகிற மாதிரி விளக்கு ஓடும் சுவர்க் கடிகாரத்தைப் பேராவூரணித் தேங்காய் வியாபாரி ஒருவர் புது வீட்டுக்கு என்று விலை பேசி முடித்துவிட்டார். மச்சான் குறுக்கே வந்து, “வேணாங்க, வீடு கெட்டுப்போயிடும்” என்றார். வந்தவர் என்னைப் பார்த்து, “இவரு யாருங்க, எதுத்த கடைக்காரரா?” என்று கேட்டார்.

“மச்சான், நீங்க விக்க வேணாம். சும்மா உக்காந்திருங்க. வாயத் தொறக்காதீங்க” என்று கெஞ்சினேன்.

“தெரிஞ்சே ஒருத்தர் தலையில குப்பையக் கட்டச் சொல்றியா?”

அவர் நியாயமாகப் பேசுகிற மாதிரியேதான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சுக்கு முன்னால் நின்றால் நமக்கு மூச்சு முட்டும். எத்தனையோ தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்மாமுக்கே போய்விடலாமா என்று தோன்றியிருக்கிறது.

அப்போதுதான் அந்தத் திருகுதாளம் நடந்தது. ஒரு நாள் கேட் போட்டிருந்த நேரத்தில் ஒரு பெண் வேகமாக வந்து, “அண்ணே, காடி வளையல் இருக்கா?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “என்ன வளையல்?”

“காடிண்ணே. எங்க அண்ணி போன மாசம் இந்தக் கடையில பாத்துச்சாம். பேரு காடின்னு கடைக்காரரே சொன்னாராம். கல்லு வச்சு, ஓரத்துல முத்து தொங்கும்.”

மச்சான் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இருக்கும்மா” என்று எடுத்து வைத்தேன்.

அவள் போன பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். இங்கிலீஷில் பேர் வைத்த சாமான் ஒசத்தியாகத்தான் இருக்கும் என்று ஊரில் ஒரு முடிவு இருந்தது. ரிச் என்றால் நல்லது, கிராண்ட் என்றால் நல்லது, அப்படியானால் காடியும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு கிழவி மட்டும், “ஊறுகாய்க்கு ஊத்தற காடியாடா?” என்று கேட்டாள். மற்றவர்கள் எல்லாரும் அதை ஒரு மாடல் என்றே நம்பினார்கள். நான் அட்டையில் பெரிதாக எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: ‘காடி வளையல் வந்துவிட்டது’. அடுத்த மாதமே எதிர்க் கடைக்காரன், ‘ஒரிஜினல் காடி இங்கே கிடைக்கும்’ என்று போர்டு வைத்தான். பாரிமுனை மொத்த வியாபாரி முதல் தடவை, “அது என்னங்க காடி?” என்று கேட்டார். இரண்டாம் தடவை நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “பாய், புதுக் காடி வந்திருக்கு” என்றார்.

மச்சான் அட்டையைப் பார்த்தார். நின்று, திரும்பவும் படித்தார்.

“மாப்ள, இது திட்டற வார்த்தை.”

“இப்ப இல்ல மச்சான்.”

“கழட்டு.”

“மாட்டேன்.”

அவர் கழற்றவில்லை. அதைவிடப் பெரிய வேலை செய்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் காடி என்றால் என்ன என்று அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு நாள் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் மகளோடு வந்தார். வெயிலில் கறுத்த கை, வெடித்த பாதம். நடவும் அறுப்புமாகவே வாழ்ந்த உடம்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. மகன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான், மகளுக்குக் கல்யாணம். “காடியிலயே நல்லா பளபளன்னு இருக்கறதா எடுங்க” என்றார்.

மச்சான் எழுந்து வந்தார். “அம்மா, ஒரு விஷயம். காடின்னா நல்ல அர்த்தம் இல்ல. மட்டம், சும்மா பகட்டுன்னு அர்த்தம். உங்க பொண்ணுக்கு இது வேணாம்.”

அந்த அம்மாள் அவரை நேராகப் பார்த்தார். கோபமே இல்லை.

“எங்களுக்கு எது வேணாம்னு சொல்ற ஆளுங்கள நாங்க நெறைய பாத்தாச்சுங்க.”

மச்சான் பதறிவிட்டார். “ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா.”

“நீங்க சொல்லலதான். ஆனா கேக்கறப்ப அப்படித்தாங்க கேக்குது. சேத்துல நிக்கறப்ப எங்க உடம்பு, சேலை எல்லாம் ஒரே நெறம். எம்பொண்ணு கையிலயாவது கண்ணு கூசற மாதிரி ஒண்ணு கெடக்கட்டும். குடுங்க.”

மச்சான் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் போன பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அந்த மத்தியானம் கரண்ட் இல்லை, கேட்டில் கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. கடையில் நாங்கள் இருவர் மட்டும். அப்போதுதான், எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாதபடிக்குச் சொன்னார்.

முதல் தடவை சிங்கப்பூரிலிருந்து ஊர் வரப் பெட்டி கட்டிய சமயம். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவர் அவர், அக்காவோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். அவளுக்காகத் தேடித் தேடிச் சாமான் வாங்கியிருக்கிறார். ஜிகினாப் பொட்டு வைத்துத் தைத்த சால்வை, பொன் நிறச் சரம், கல் வைத்த வளையல். கடையின் சரக்கு அறையில் அதையெல்லாம் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜரம்மா, வெள்ளைக்காரி, உள்ளே வந்துவிட்டாள். சால்வையை இரண்டு விரலால் தூக்கினாள். டாட்ரி என்றாள். யாருக்கு என்று கேட்டாள். பொண்டாட்டிக்கு என்று இவர் சொன்னதும், கூட வந்தவளைப் பார்த்து என்னவோ சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

“சாமானப் பாத்துச் சிரிச்சா போவுதுன்னு விட்டிருப்பேன் மாப்ள. அவளுங்க உங்கக்காவ நெனச்சுச் சிரிச்சாளுங்க. அன்னைக்கே எல்லாத்தையும் கொண்டுபோய் வித்துட்டேன். இனிமே ஒருத்தி அவளப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. “இத அக்காகிட்ட சொன்னீங்களா?”

“இது சொல்ற விஷயமா?”

“பின்ன எதத்தான் சொல்லுவீங்க? ஃப்ளாஷி, கேரிஷ்னு அவ மூஞ்சியில அடிச்சது மாதிரி சொல்லத் தெரிஞ்சுதுல்ல? இதச் சொல்ல வாயில்லையா?”

அவர் கல்லாவைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே கையில் துணி வந்துவிடும். சுவரோடு முட்டிக்கொள்வதுபோல நானும் எத்தனையோ முட்டிப் பார்த்தேன்.

அதுவரைக்கும் அக்கா கடைக்கு வந்ததே இல்லை. பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் வந்தாள். கேட் போட்டிருந்தது, கடை நிறையக் கூட்டம். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு உருவம் கூட்டத்துக்குள் வழி பண்ணிக்கொண்டு முன்னால் வந்து, ஷோகேஸ் மேல் கையை வைத்தது. குரலைக் கேட்ட பிறகுதான் அக்கா என்று தெரிந்தது.

“காடி வளையல் ஒரு செட் காட்டுங்க.”

மச்சான் நிமிர்ந்தார். “நீ எங்க இங்க?”

“வளையல் வாங்க வந்தேன்.”

“உனக்கு அது வேணாம்.”

“ஊருக்கெல்லாம் விக்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன் வேணாம்?”

மச்சானின் கை துணியைத் தேடியது. சுற்றி நின்ற பெண்கள் வளையல் பார்ப்பதை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். அக்கா கையை எடுக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“சொல்லித் தொலைங்க மச்சான். இல்லன்னா நான் சொல்றேன்.”

அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். சால்வை, சரம், வளையல், வெள்ளைக்காரி, சிரிப்பு எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே போட்டு உடைத்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அந்தப் பொம்பள என்னப் பாத்திருக்காளா?”

“இல்ல” என்றார் மச்சான்.

“என்னப் பாக்காத ஒருத்தி சிரிச்சான்னு, பாத்துக்கிட்டே இருந்த நீங்க ஏங்க ஒரு நல்ல வார்த்தை சொல்லல?”

மச்சான் திரும்பி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். வந்து நிற்கிற எந்தப் பெண்ணின் கையையும் தூரத்தில் பார்த்தே வளையல் அளவு சொல்லிவிடுவார். அது மட்டும் அவருக்குத் தப்பவே தப்பாது. பெட்டியைத் திறந்து முதல் வளையலை அக்கா கையில் ஏற்றினார். விரல் முட்டியைத் தாண்டவில்லை. இன்னொரு தரம் முயன்றார்.

“அது கல்யாணத்தப்ப உள்ள அளவு” என்றாள் அக்கா. “இப்ப ரெண்டு எட்டு.”

பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மச்சான் வேறு பெட்டி எடுத்தார். இந்தத் தடவை வளையல்கள் சரியாக இறங்கின. சிவப்புக் கல், பச்சைக் கல், ஓரத்தில் முத்து. மணிக்கட்டுக்கு மேல் பாதிக் கை வரைக்கும் ஏறி நின்று மின்னின. அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் பக்கம் கையை நீட்டினாள்.

“நல்லா இருக்கா?”

“கிராண்டா இருக்கும்மா” என்றார்கள்.

அந்த நேரம்தான் கேட் திறந்தது. நின்றிருந்த பஸ்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஹாரனை அடித்தன. மச்சான் அக்காவைப் பார்த்து என்னவோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். நான் ஆத்திரத்தில் மேஜையில் குத்தினேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை அந்த மனிதர் வாயைத் திறந்தார், அதையும் மன்னார்குடி பஸ் முழுங்கிவிட்டது.

“என்ன சொன்னீங்க?” என்றாள் அக்கா.

“ரெண்டு எட்டுன்னு சொன்னேன்.”

“பொய் சொல்றாருக்கா. அவரு சொன்னது அது இல்ல” என்று நான் கத்தினேன்.

“நீ வெளியில போ தம்பி” என்றாள் அக்கா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வளையல் போட்ட கையை ஷோகேஸ் மேல் வைத்தாள். “அவங்களே சொல்லட்டும். அடுத்த கேட் போடற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

நான் ரோட்டைத் தாண்டி டீக்கடையில் போய் நின்றேன். அங்கிருந்து கடை நன்றாகத் தெரிந்தது. முதலில் மச்சான் குனிந்த தலையோடு நின்றார். பிறகு துணியைக் கீழே வைத்தார். பேச ஆரம்பித்தார். எல்லாரையும் ஒரே வார்த்தையில் முடித்து அனுப்புகிற மனிதர், என் டீ ஆறிப்போகும் வரைக்கும், திரும்பவும் கேட்மேன் வந்து கேட்டை இறக்கும் வரைக்கும், பேசிக்கொண்டே இருந்தார். அக்கா தலையாட்டவில்லை, பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். ரோட்டில் போன லாரிச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.